நூறு கிலோமீற்றருக்குப் பிறகு மீண்டும் இறுக்கவும்

ஜெகதீஸ்வரன் குகதாசனை முதன்முதலில் அடித்தது ஒரு மீனால். ஒஸ்லோவின் குறோன்லாண்டில் உள்ள தமிழ்க் கடையில், உறைபெட்டிக்கும் முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் நடுவில், சனிக்கிழமை நண்பகல் கூட்டத்துக்கு முன்னால் அது நடந்தது. மீன் கல்லாக உறைந்திருந்தது. இரண்டரைக் கிலோ இருக்கும். வாலைப் பிடித்து ஓங்கியதில் அது குகதாசனின் இடது காதுக்கு மேலே விழுந்தது. குகதாசன் மரக்கறித் தட்டையும் இழுத்துக்கொண்டு சரிந்தார். வெங்காயங்களுக்கு நடுவில் இருந்தபடியே காதைத் தொட்டு, விரலில் வந்தது இரத்தம்தான் என்பதை உறுதிசெய்துகொண்டு, "அறக்குளா" என்றார். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் கத்தி பிடித்தவருக்கு, மீன் எந்தப் பக்கத்தால் வந்தாலும் இனம் தெரியும்.

ஜெகதீஸ்வரன் மேடைப் பழக்கம் உள்ளவர். கடைக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காசு மேசையில் நின்ற நான்கு பேரும் திரும்பும்வரை பொறுத்தார். பிறகுதான் "கொலைகாரன்" என்றார்.

அதன் பின் வந்த பேச்சின் சாரம் இது. குகதாசன் என்ற இந்த மெக்கானிக் தன் காரின் சில்லுப் போல்ட்டுகளை இறுக்காமல் விட்டு, தன்னையும் தன் மனைவியையும் மைத்துனனையும் கொல்லப் பார்த்திருக்கிறார். இது ஒரு தனிமனிதன் மீதான தாக்குதல் அல்ல. தமிழர் மத்தியில் அறிவொளி பரவக் கூடாது என்று நினைக்கும் பிற்போக்குச் சக்திகளின் சதி. மீன் இன்னும் அவர் கையில் இருந்தது. பேச்சின் முக்கியமான இடங்களில் அதை ஆட்டினார்.

அறிவொளி என்று அவர் சொன்னது தன்னைத்தான். நோர்வே தமிழ்ப் பகுத்தறிவு மன்றத்தின் தலைவர் அவர். மன்றத்தில் பதினொரு அங்கத்தவர்கள். நான்கு பேர் அவருடைய உறவினர், இரண்டு பேர் இறந்துபோனவர்கள். இறப்புக்குப் பிறகு எதுவுமில்லை என்று இருபது வருடமாக வாதாடியவர் அங்கத்துவத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருந்தார். வந்த புதிதில் மனைவி பூமணி வரவேற்பறையில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றி நாலாம் மாடி பல்கனியிலிருந்து எறிந்தார். மூடநம்பிக்கை ஒழிந்ததோ தெரியாது. கீழே பூட்டியிருந்த ஒரு நோர்வேக்காரரின் சைக்கிள் ஒழிந்தது. அன்றிலிருந்து பூமணியின் பிள்ளையார் பெருவிரல் அளவுக்குச் சுருங்கி, சமையலறை அலுமாரியில் அரிசிமா டின்னுக்குப் பின்னால் குடியிருந்தார்.

அந்த வருடம், 2004 தைப்பொங்கலுக்கு, பாட்ஸ்பியோர்ட் தமிழர்கள் ஜெகதீஸ்வரனைப் பேச அழைத்தார்கள். உண்மையில் அவர்கள் அழைத்தது ஒரு பாட்டுக்காரரை. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒஸ்லோவிலிருந்து சுவீடனுக்குள் புகுந்து, பின்லாந்துக்குள்ளால் ஏறி, மறுபடி நோர்வேக்குள் இறங்கிப் போனால் இரண்டாயிரம் கிலோமீற்றர். விமானத்தில் போகலாம் என்று பூமணி சொன்னார். தலைவர் மக்களோடு மக்களாகத் தரையில் பயணம் செய்பவர் என்று அவர் பதில் சொன்னார். வழியில் மக்கள் என்று யாரும் இல்லை, கலைமான்தான் நின்றது.

புறப்பட நான்கு நாட்களுக்கு முன் அவருடைய பழைய மெர்சிடஸ் அல்னாப்ரூவில் உள்ள கராஜுக்கு வந்தது. அங்கேதான் குகதாசன் வேலை. பனியில் பிடித்து ஓடும் ஆணி ரயர் பூட்டினார், ஒயில் மாற்றினார், பற்றரியைச் சோதித்தார். ஒவ்வொரு போல்ட்டையும் கிளிக் சாவியால் இறுக்கினார். போதிய இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சத்தம் போடுகிற நீளச் சாவி அது. பற்றுச்சீட்டின் அடியில் நோர்வேஜியத்திலும், தலைவருக்கு விளங்கட்டும் என்று தமிழிலும் எழுதினார்: நூறு கிலோமீற்றருக்குப் பிறகு மீண்டும் இறுக்கவும். தலைவர் அதைப் படிக்கவில்லை. தன் பெயருக்கு முன்னால் ஏதேனும் பட்டம் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

போகும் வழியில் எல்லாம் நலம். பேச்சும் நலம், ஒன்றே முக்கால் மணி நேரம், பொங்கல் ஆறிப்போனது. திரும்பும் வழியில், பின்லாந்தின் வடக்கே, பூச்சியத்துக்குக் கீழே முப்பத்துநான்கு பாகைக் குளிரில், எண்பது கிலோமீற்றர் வேகத்தில், ஜெகதீஸ்வரன் தன் காரைத் தன்னுடைய சில்லே முந்திக்கொண்டு போவதைக் கண்டார். முன் இடது சில்லு. அது ஒரு நிதானத்தோடு வலப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள் போனது. கார் இடது மூக்கால் வீதியை உழுதது, பனிச்சுவரை இடித்தது, ஒரு பிர்ச் மரத்தைப் பாதியாக முறித்தது. பின் சீற்றில் இருந்த பூமணியின் தம்பி ரஜீவன் தலையால் யன்னல் கண்ணாடியை உடைத்தான். பூமணியின் இடது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது என்று ரஜீவன் பிறகு சொன்னான். தலைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய பேச்சுக் கட்டு மட்டும் நனைந்தது.

பக்கத்து ஊர்க் கராஜில் இருந்த பின்லாந்துக்காரன் ஒரு வார்த்தை பேசாதவன். மற்ற மூன்று சில்லுகளிலும் இருந்து ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றி, அந்த மூன்றாலும் காணாமல்போன சில்லுக்குப் பதில் சில்லைப் பூட்டினான். மிச்சப் போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் அலறவைத்து இறுக்கினான். அந்த இறுக்கத்தில்தான் அவர்கள் உயிரோடு ஒஸ்லோ வந்து சேர்ந்தார்கள்.

பூமணிக்கும் குகதாசனுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அது தலைவருக்கு முழுதாகவும் ரஜீவனுக்கு அரைகுறையாகவும் தெரியும். மார்கழியில் ஜெகதீஸ்வரன் யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள ஒரு சாத்திரியாருக்கு ரெலிபோன் எடுத்திருந்தார், சாத்திரப் புரட்டை அம்பலப்படுத்துவதற்காக. அம்பலப்படுத்த மூன்று ரெலிபோன் காட் தேவைப்பட்டது. மூன்றாவது காட்டின் முடிவில், அட்டமத்துச் சனி நடக்கிறது, வாகனத்தால் கண்டம் என்பது உறுதியாகிவிட்டது. இரண்டு விரல் அகலத்தில் நான்கு செப்புத் தகடுகள், மந்திரம் கீறி, மடித்து, மஞ்சள் நூல் சுற்றி, தபாலில் வந்தன. வாகனத்தின் நாலு மூலையிலும் கட்டுங்கோ என்றுதான் சாத்திரியார் சொன்னார். கட்டினால் தெரியும். தெரிந்தால் மன்றம் என்னாகும்? ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள், நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், மைத்துனனைக் கொண்டு நான்கு சில்லையும் கழற்றி, சில்லுக்கும் அது பொருந்துகிற இரும்புத் தட்டுக்கும் நடுவில் ஒவ்வொரு தகட்டை வைத்துப் பூட்டுவித்தார். குளிரில் காரைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் நிலைமின்சாரத்தைச் செம்பு பூமிக்குக் கடத்தும், இது விஞ்ஞானம் என்று ரஜீவனுக்கு விளக்கினார். ரஜீவன் பஸ் ஓட்டுகிறவன், ஆறடி இரண்டு அங்குலம், விஞ்ஞானத்தோடு தகராறுக்குப் போகாதவன்.

சில்லு தட்டோடு இரும்பும் இரும்புமாகப் பொருந்த வேண்டும். நடுவில் மடித்த செம்பு இருந்தால் இறுக்கும்போது இறுகியதுபோல் இருக்கும். ஓட ஓடச் செம்பு நசியும், போல்ட் தளரும். கண்டத்தைத் தடுக்க வைத்ததுதான் கண்டமாகிப் போனது. ஒரு தகடு பின்லாந்துப் பனிக்குள். மற்ற மூன்றும் இன்னும் காருக்குள். வந்ததும் எடுத்துவிடத்தான் பார்த்தார்கள். பின்லாந்துக்காரனின் இறுக்கத்தில் ரஜீவன் ஏறி மிதித்து வீல் பிறேஸ் வளைந்ததே தவிரப் போல்ட் அசையவில்லை. எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் தலைவர் கடைக்குப் போய் மீனை எடுத்தார்.

மீன் செய்தி திங்கட்கிழமை கராஜ் முதலாளி ஒட்வாரின் காதுக்குப் போனது. ஒட்வார் அறுபது வயது மனிதர், சொற்களைச் சம்பளம்போல எண்ணிக் கொடுப்பவர். அன்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார். காரை வெள்ளிக்கிழமை இங்கே கொண்டுவரட்டும், நீண்ட குளிர்காலப் பயணத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய எல்லாம் இலவசமாகச் செய்கிறோம், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மற்ற மூன்று சில்லும் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தால் நீ இங்கே வேலை செய்கிறாய். பிழை உன்னுடையது என்றால் வெள்ளிக்கிழமைதான் உன் கடைசி நாள். காப்புறுதிக்காரருக்கும் பொலிசுக்கும் நானே எழுதிக் கொடுப்பேன்.

குகதாசனுக்கு நாற்பத்தாறு வயது. பகலில் மீன் வெட்டி, பிறகு நோர்வேஜியம் படித்து, தன் பிள்ளைகள் வயதில் உள்ளவர்களோடு வாங்கில் இருந்து, நாற்பத்துமூன்றாவது வயதில் மெக்கானிக் பத்திரம் எடுத்தவர். அந்தக் கடதாசி போனால் வேறு கராஜ் எடுக்காது. மறுபடி வடக்கே, மறுபடி இரப்பர் கையுறை, மறுபடி நிமிடத்துக்கு இத்தனை மீன். மனைவி அனஸ்ரேசியாவிடம் அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: நான் இறுக்கினனான்.

ஜெகதீஸ்வரன் காரை விடமாட்டேன் என்றுதான் நின்றார். ஆனால் ஒட்வார் கடிதத்தைப் பூமணியின் பெயருக்கு அனுப்பியிருந்தார். கார் அவர் பெயரில்தான் பதிவு. பூமணியின் காப்புறுதியில் கழிவு அதிகம் என்பதால் தலைவர்தான் இருபது வருடத்துக்கு முன் அப்படி ஏற்பாடு செய்தார். இலவசம் என்ற சொல்லைப் பூமணி வாசித்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரஜீவனோடு மூவரும் வந்து இறங்கினார்கள்.

கார் போர்முனையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. நாலாயிரம் கிலோமீற்றர் உப்பு அதன் வயிற்றில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. சில்லுக் குழிகளில் கறுத்த பனிக்கட்டி ஆட்டுத்தலை அளவில் தொங்கியது. இடது மட்கார்ட் தோலுரித்து மடிந்திருந்தது. குகதாசன் உயர்அழுத்தக் குழாயால் அடியிலிருந்து கழுவத் தொடங்கினார். உப்புத் தண்ணீர் செங்குருதி நிறத்தில் வாய்க்காலுக்குள் ஓடியது, துரு. பனிக்கட்டிகள் ஒவ்வொன்றாகச் சீமெந்தில் விழுந்து வெடித்தன. எஞ்சின் சூடாக்கும் வயர் அறுந்திருந்தது. கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தாங்கி உறைந்து பிளந்திருந்தது. தலைவர் அருகில் நின்று, தோளில் சால்வையோடு, ஒவ்வொன்றுக்கும் குகதாசனே காரணம் என்று ரஜீவனுக்கு விளக்கினார். குளிருக்கும்.

கழுவி முடிந்ததும் கார் தூக்கியில் நெஞ்சளவுக்கு உயர்ந்தது. குகதாசன் காற்றுத் துப்பாக்கியை எடுத்தார். ஒட்வார் கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றார்.

அப்போதுதான் தலைவர், சில்லைக் கழற்ற அனுமதி இல்லை என்றார். வெளியால் பார்த்தால் போதும். பிறேக்கைப் பார்க்காமல் எப்படிப் பயணத்துக்குப் பிந்திய பராமரிப்பு என்று குகதாசன் கேட்டார். உரிமையாளர் அனுமதிக்கவில்லை என்று தலைவர் சொன்னார், நோர்வேஜியத்தில், ஒட்வாருக்குக் கேட்கும்படி. ஒட்வார் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், காத்திருக்கும் அறையில் கோப்பியோடு இருந்த உரிமையாளரைக் கை காட்டி அழைத்தார். பூமணி வந்தார். இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை சுண்ணாம்புக் கட்டு. காரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், குகதாசனின் காதுக்கு மேலே இருந்த ஐந்து தையலைப் பார்த்தார்.

"கழட்டுங்கோ தம்பி," என்றார். "முறிஞ்சது என்ரை கை. ஏன் முறிஞ்சது எண்டு நான் அறிய வேணும்."

குகதாசன் முன் வலது சில்லின் முதல் போல்ட்டில் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். அது அலறி, முனகி, அசைந்து, வந்துவிட்டது. போல்ட் சீமெந்தில் விழுந்த அதே கணம் அவருடைய முதுகில் ஒரு இரும்புக் குழாய் விழுந்தது. மேசையில் கிடந்த முழ நீளக் குழாய். தலைவர் இரண்டு கையாலும் பிடித்து, தேங்காய் உடைக்கிறவர்போல அடித்தார். குகதாசனுக்கு மூச்சு நின்றது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் சண்டை நடக்கும், சில்லு கழறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கியை இரண்டாவது போல்ட்டில் வைத்தார்.

பிடியடா என்று தலைவர் கத்த, ரஜீவன் பின்னால் வந்து முழங்கையால் கழுத்தை வளைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் ரிக்கற் இல்லாதவனை இறக்கும்போது இருக்கும் சலிப்புத்தான் இருந்தது. ஆனால் கை பலமான கை. குகதாசனின் கண் பிதுங்கியது. பார்வை ஓரங்களில் கறுத்தபடி வர, அவர் துப்பாக்கியை விடாமல் அழுத்திப் பிடித்தார். இரண்டாவதும் வந்தது. வந்ததும் துப்பாக்கியின் அடியைப் பின்பக்கமாக ரஜீவனின் விலாவில் குத்தினார். ஏதோ ஒன்று உள்ளே நொருங்கிய சத்தம் வந்தது. ரஜீவன் கையை விட்டு, ஒயில் பீப்பாவில் சாய்ந்து, மெல்லமாக வாந்தி எடுத்தான்.

ஒட்வார் நோர்வேஜியத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு கழுவும் பக்கம் ஓடினார். பூமணி அசையாமல் நின்றார். அவருடைய கண் சில்லை விட்டு விலகவில்லை.

மூன்றாவது போல்ட்டில் துப்பாக்கி இருந்தபோது குழாய் குகதாசனின் இடக்கையில் இறங்கியது. சில்லின் விளிம்பில் தாங்கியிருந்த கை. சின்னவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் ஒரு பக்கமுமாகப் போயின. இந்த முறை குகதாசன் சத்தம் போட்டார். சத்தம் போட்டபடியே வலக்கையால் அழுத்தினார். தலைவர் குழாயை மறுபடி ஓங்கினார். அப்போது அவருடைய வாயில், வழக்கமாக மேடையில் வரும் ஒரு சொல்லும் இல்லை. "விடடா, விடடா" என்பது மட்டும்தான் வந்தது. கெஞ்சுவதுபோல இருந்தது. ஓங்கிய குழாய் இறங்குவதற்குள் குகதாசன் தலையைப் பின்னால் எறிந்து அவருடைய மூக்கை உடைத்தார். அதற்குப் பதிலாக வந்த அடி குகதாசனின் வாயில் விழுந்து, ஒரு முன்பல் காருக்கு அடியில் எங்கோ உருண்டது.

நான்காவது போல்ட் வரும்போது ஒட்வார் உயர்அழுத்தக் குழாயோடு வந்து சேர்ந்தார். பனிக்கட்டியை உடைக்கிற தண்ணீர். தலைவரின் நெஞ்சில் அது பட்டதும் அவர் நின்ற நிலையிலேயே இரண்டு முழம் பின்னால் போனார். சால்வை கழன்று வாய்க்காலுக்குள் பறந்தது. இரத்தமும் தண்ணீருமாக எழும்பி, மறுபடி காரை நோக்கித்தான் வந்தார். ஐந்தாவது போல்ட் இல்லை, அது பின்லாந்தில் இடம் மாறியிருந்தது. ஆனால் சில்லு வரவில்லை. உப்பு அதைத் தட்டோடு ஒட்டியிருந்தது. குகதாசன் இரண்டடி பின்னால் போனார். முறிந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இரும்பு முனைச் சப்பாத்துக் காலால் ரயரின் பக்கத்தில் உதைத்தார். இன்னொரு முறை. மூன்றாவது உதையில் சில்லு கழன்று, கீழே குதித்து, உருண்டு, தலைவரின் வலது பாதத்தில் ஏறி நின்றது. இருபத்தைந்து கிலோ, ஆணி ரயர்.

தலைவர் அலறினார்.

இரும்புத் தட்டில், நசுங்கி, பச்சை பிடித்து, செப்புத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. அறுந்த மஞ்சள் நூல் தொங்கியது. குகதாசன் திருப்புளியால் அதைச் சுரண்டி எடுத்து, வலக்கை உள்ளங்கையில் வைத்து, ஒட்வாருக்கு நீட்டினார். இது என்ன என்று ஒட்வார் கேட்டார். குகதாசன் வாயில் இரத்தத்தோடு, இது நான் பூட்டியது அல்ல என்று மட்டும் சொன்னார்.

விலாவைப் பிடித்தபடி ரஜீவன் எழும்பி வந்து பார்த்தான்.

"அத்தான், இது கரண்டைக் கடத்திற தகடு எண்டெல்லோ சொன்னனீங்கள்? இதிலை சூலம் கீறிக் கிடக்கு."

தலைவர் சில்லுக்கு அடியிலிருந்து காலை இழுத்தெடுத்துக்கொண்டு இருந்தார். ஒரு பேச்சாளனுக்கு வழி எங்கேயாவது கிடைக்காமல் போகாது. நிமிர்ந்தார். உடைந்த மூக்கோடு குகதாசனை நோக்கி விரலை நீட்டினார்.

"சூனியம்," என்றார். "இவன் எனக்குச் சூனியம் வைச்சிருக்கிறான்."

பகுத்தறிவு மன்றத்தின் தலைவருடைய வாயிலிருந்து அது வந்ததை ரஜீவன் உடனே கவனிக்கவில்லை. அவருக்கே விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பூமணி குகதாசனின் கையிலிருந்து தகட்டை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, மடிப்பை நகத்தால் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே, கேட்டை நட்சத்திரம் என்று இருந்தது.

ஜெகதீஸ்வரனுக்கு நோர்வேயில் பிறந்தநாள் ஜனவரி முதலாம் திகதி. அகதியாக வந்தபோது உண்மையான திகதியைச் சொன்னால் எதற்குள் மாட்டுவோமோ என்று பயந்து எழுதிக் கொடுத்தது. அதைத்தான் மன்றம் வருடாவருடம் மாலை போட்டுக் கொண்டாடியது. எனக்கு நட்சத்திரம் கிடையாது, நான் மனிதன் என்பது அவருடைய புகழ்பெற்ற வசனம்.

"இஞ்சாருங்கோ," என்றார் பூமணி. குரல் உயரவில்லை. "இந்த நாட்டிலை உங்கடை நட்சத்திரம் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு பேருக்கு. ஒராள் நான். எனக்குக் கலியாணப் பொருத்தம் பாக்கேக்கை சொன்னவை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"என்ரை பிள்ளையாரை நாலாம் மாடியாலை எறிஞ்சனீங்கள்," என்றார் பூமணி. சுண்ணாம்புக் கட்டுப் போட்ட கையை உயர்த்தி, அவருடைய வாயில் அடித்தார்.

அது பெண்கள் கோபத்தில் கன்னத்தில் போடும் அடி அல்ல. தோளிலிருந்து வந்த அடி. கட்டு கீறு விட்டது. தலைவர் நிலத்தில் இருந்துவிட்டார். இரண்டாவது அடி காதில் விழுந்தது. அதற்கு அவர் படுத்துவிட்டார். மூன்றாவதை ரஜீவன், அக்கா கை போயிடும் என்று சொல்லிப் பிடித்துத் தடுத்தான். அத்தானுடைய பல்லைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற இரண்டு சில்லுகளையும் ஒட்வார் தானே கழற்றினார். இரண்டிலும் தகடு. அவர் வேலைச்சீட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனையை வைத்துக்கொண்டு, இதை என்னவென்று எழுதுவது என்று கேட்டார். குகதாசனுக்கு நோர்வேஜியத்தில் அதற்குச் சொல் தெரியவில்லை. கடைசியில், சில்லுக்கும் தட்டுக்கும் நடுவில் வாடிக்கையாளர் வைத்த பொருள், மூன்று என்று எழுதினார்கள். ஒட்வார் கையெழுத்துப் போட்டு, குகதாசனின் தோளில் கையை வைத்து, திங்கட்கிழமை அல்ல, கை சுகமான பிறகு வா என்றார். அவருடைய கணக்கில் அது ஒரு பிரசங்கம்.

பொலிசுக்கு ரெலிபோன் எடுக்கட்டுமா என்றும் கேட்டார். எல்லாரும் குகதாசனைப் பார்த்தார்கள். குகதாசன் பல்லைத் தேடிக்கொண்டிருந்தார். தலைவர் கடையில் எந்த இடத்தில் கொலைகாரன் என்று சொன்னாரோ அந்த இடத்தில் வந்து இல்லை என்று சொல்லட்டும் என்றார். தலைவர் தரையில் கிடந்தபடி, அதைவிடப் பொலிஸ் நல்லது என்றார்.

"இவர் ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றார் பூமணி. "சொல்லி என்ன, பேச்சாக்கிப் போடுவார். இவர் செய்யட்டும்."

என்ன செய்வது என்பது பற்றுச்சீட்டில் ஏற்கனவே எழுதியிருந்தது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை, புது இரும்புத் தட்டும் இருபது புதுப் போல்ட்டுமாக மெர்சிடஸ் கராஜிலிருந்து வந்தது. விலாக் கட்டோடு ரஜீவன் அதை ஹொனெஃபொஸ் வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். மீற்றரில் நூற்றுப்பதினாறு கிலோமீற்றர். நண்பகலில் கார் தமிழ்க் கடை வாசலில் நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், பெருவிரல் அளவில் ஒரு பிள்ளையார் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தார். அரிசிமா வாசனை இன்னும் போயிருக்காது.

பின் கதவைத் திறந்து தலைவர் இறங்கினார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் குகதாசனிடம் இரவல் வாங்கிய கிளிக் சாவி. பூமணி முருங்கைக்காய் வந்த காட்போட் பெட்டியைக் கிழித்து உருகிய பனிக்கு மேல் போட்டுக் கொடுத்தார். அதில் முழங்கால் போட்டுத்தான் சில்லுக்கு எட்ட முடியும். பாதத்தில் மூன்று எலும்பு வெடித்த மனிதர் முழங்காலில் இறங்க நேரம் எடுத்தது. அதற்குள் கடைக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மீன் விழுந்த அன்று காசு மேசையில் நின்ற நான்கு பேரில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவர் குனிந்து, சாவியைப் பொருத்தி, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, நெற்றி ரயரில் முட்டும்வரை அழுத்தினார். கிளிக். முன் இடது முடிந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு பின் இடதுக்குப் போனார். பூமணி புதுக் கட்டுப் போட்ட கையோடு பின்னால் நின்று எண்ணினார். கோயிலால் நேரே சாமான் வாங்க வந்த புஷ்பராணி என்ற அம்மா ஒருவர் திருநீற்று நெற்றியோடு நின்று, பிள்ளையாரைப் பார்த்தார், முழங்காலில் நின்ற ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது.

"தலைவருக்கு வாகனப் பூசையே?" என்று கேட்டார். "ஐயரைக் கூப்பிடேல்லையே?"

"விஞ்ஞானம்," என்றார் தலைவர், ரயருக்குள்.

பதினெட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. பத்தொன்பதில் சாவியைக் கீழே வைத்தார். ஒன்றுதானே, அது இறுக்கமாகத்தான் இருக்கிறது, போதும் என்றார். எழும்புவதற்கு ஊன்றுகோலைத் தேடித் திரும்பியபோது, கடை வாசலில் குகதாசன் நின்றார். முன்பல் இல்லை. இடக்கை கட்டுக்குள். வலக்கையில் அப்போதுதான் வாங்கிய ஒரு பொலித்தீன் பை. பைக்குள்ளால் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உறைந்த அறக்குளா, மூன்று கிலோவுக்குக் குறையாது.

குகதாசன் பையை நிலத்தில் வைத்துவிட்டு, வாலைப் பிடித்து மீனை வெளியே எடுத்தார்.

தலைவர் சாவியை எடுத்து இருபதாவது போல்ட்டில் வைத்தார். கிளிக் என்ற சத்தம் வீதிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது.